‘ம்’ கிடைத்தது

ஜூலை 9, 2008 – புதன்

இன்றைக்கும் லைன் அறுந்தது. அனுப்பிய ஃபைல் பாதி போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து அனுப்பினேன். அதே இடம் வந்ததும் அதே கதை. எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணினால் ரத்தக் கொதிப்பு எனக்குத்தான்.

லைன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கம்பியில்லாத டெலிபோன் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். மொட்டை மாடியில் இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக என் அறைக்குள் இறங்கிப் பெட்டிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. டவருக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இருக்கிற காற்றில்தான் என் வேலை தொங்குகிறது.

சோலைமலை சார் நல்ல மானேஜர். "கல்யாணம் ஆனா வேலையை விடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? தீபாவளி வரைக்கும் சிவகாசியில இருந்தே செய்ங்க. அப்புறம் சென்னைக்கு வந்துருங்க" என்றார். தீபாவளிக்குப் பிறகு சென்னை என்பதற்கு என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டதுதான். சித்திரையில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்: "சீசன் முடிஞ்சதும் மெட்ராஸ்ல வீடு பாத்துருவோமா? நீங்களும் அங்கன ஒரு ஆபீஸ் போடலாம்." ராஜபாண்டியன் மோரை ஊற்றிக்கொண்டே "ம்" என்றார்.

ஆகவே தீபாவளி வரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கினால் பட்டாசு ஆர்டர், லோடு, லாரி. மேலே ஏறினால் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’. வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் கார் வேண்டும், காருக்கு டிரைவர் வேண்டும், டிரைவரைக் கூப்பிடக் காரணம் வேண்டும். விருதுநகரில் அம்மா வீடு ஒரு மணி நேரம்கூட இல்லை. போய் இரண்டு மாதமாகிறது.

ஜூலை 14 – திங்கள்

காரியாபட்டிப் பக்கம் ஒரு பசு ஒரே வேளையில் நாற்பது லிட்டர் பால் கறந்திருக்கிறது! சென்னையிலிருந்து சார் சிரித்துக்கொண்டே போன் செய்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது ஏன்னு கண்டுபிடிங்க" என்றார்.

எங்கள் புரோகிராமின் வேலை இதுதான்: ஊர் ஊராகப் பால் வாங்கும் நிலையங்களில் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று தட்டினால், அது கம்பியில்லாத போன் வழியாகச் சென்னைக் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே பதிவானால்தான் அவர்களுக்குப் பணம். காரியாபட்டிப் பக்கத்து நிலையத்தில் தட்டுவது மாடத்தி. எட்டாவது படித்தவள், என் வயதுதான் இருக்கும். போனில் கேட்டேன்.

"அமுக்குனேன்க்கா. சுத்திக்கிட்டே இருந்துச்சு. போச்சா போகலையான்னு தெரியல. மறுபடி அமுக்குனேன். பால் ஊத்துன தங்கச்சாமி அண்ணன் வாசல்லயே நிக்காரு. பதியாம விட்டா என்னையத்தான வைவாக?"

முதல் தடவை அமுக்கியதே சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘கிடைத்தது’ என்று சென்னை அனுப்பிய பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. ஆனால் மாடத்தி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், செய்தி போகவில்லை என்பதும் பதில் வரவில்லை என்பதும் ஒன்றுதான். இரண்டுக்கும் எதிரில் ஒரே மௌனம். பத்து லிட்டரை நாலு தடவை அமுக்கிவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு?

ஜூலை 20 – ஞாயிறு

சரிசெய்துவிட்டேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நம்பர். லைன் அறுந்தால் மாடத்தியின் கம்ப்யூட்டரே அதை எடுத்து வைத்துக்கொள்ளும், பதில் வருகிறவரை அதே நம்பரோடு திரும்பத் திரும்ப அனுப்பும். ஏற்கனவே பார்த்த நம்பர் என்றால் சென்னை அதை எழுதாது. ‘கிடைத்தது’ என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லும். இனிப் பத்து தடவை அமுக்கினாலும் பசு பத்து லிட்டர்தான் கறக்கும்.

மத்தியானம் சந்தோஷத்தில் மாமாவிடம் சொன்னேன். மாரிசாமி மாமாவுக்கு வெடி, வேட்டு, வடக்கத்தி வியாபாரி தவிர உலகத்தில் மற்றதெல்லாம் வேடிக்கை.

"நம்ம மருமக மாடியில உக்காந்தே காரியாபட்டி மாட்டக் கறக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்து முடித்து மேலே வந்ததும் எரிச்சல் வந்தது.

ஆகஸ்ட் 6 – புதன்

சீசன் சூடு பிடித்துவிட்டது. ஊரில் எல்லோரும் போனும் காதுமாக அலைகிறார்கள், டவருக்கு மூச்சு முட்டுகிறது. பதில் வராவிட்டால் உடனே திரும்பக் கேட்காதே, கொஞ்சம் பொறு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பொறு என்று புரோகிராமில் எழுதினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் யாருக்கும் திறக்காது. பொறுமையைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

ஆகஸ்ட் 18 – திங்கள்

ராத்திரி பகல் இல்லாமல் அறுவது ஒரு ரகம். சாயங்காலம் மட்டும் சுத்தமாகச் செத்துப்போவது இன்னொரு ரகம். டெலிபோன் ஆபீசுக்குப் புகார் சொன்னால், "எங்க சைடு எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்கிறான்.

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

அத்தை!

சாயங்காலம் குளித்துவிட்டு அறைக்குள் வருகிறேன். பொன்னுத்தங்கம் அத்தை ஆன்டெனா ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிக் கையில் பாம்பைப் பிடிப்பது போலத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அத்தை செய்றீக?"

"மேக்க இருட்டிட்டு வருது, கண்ணு தெரியலையா? இம்புட்டு நாளும் நான்தான் பிடுங்குதேன். மறந்து மறந்து நீ கீழ வந்திருத."

இரண்டு மாதம். டவரைத் திட்டி, டெலிபோன் ஆபீசைத் திட்டி, என் புரோகிராமையே சந்தேகப்பட்டு... என்னத்தச் சொல்ல. கத்திவிட்டேன். "இது என் வேலை அத்தை! இதுல போய் ஏன் கைய வைக்கீக?" அத்தை ஒயரைக் கட்டில் மேல் போட்டுவிட்டு இறங்கிப் போனார். மழை வரவில்லை. மேகம் சாத்தூர்ப் பக்கம் போய்விட்டது.

ஆகஸ்ட் 20 – புதன்

காலையில் காபி நேரத்தில் அத்தையாகவே ஆரம்பித்தார். மேகம் கூடினால் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை நிற்கும், ஒரு ஆள் உள்ளே இருக்கக்கூடாது, கேட் ரூமில் எல்லா ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். இது எனக்கும் தெரியும், இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? தெரியாதது அத்தையின் தம்பி கதை. அச்சங்குளத்தில் அவர் நடத்திய யூனிட்டில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு ரூம் பூட்டவில்லை என்று திரும்பிப் போயிருக்கிறார். இடி விழுந்தது.

"மாடி மேல இரும்புக் கம்பிய நட்டு வச்சிட்டு, அதுக்குக் கீழ உக்காந்துருக்க. எனக்குப் பயமா இருக்காதா? உன் வேலையக் கெடுக்கணும்னா செய்யுதேன்?"

மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் நானே பிடுங்குகிறேன் என்றேன். அத்தை நம்பவில்லை. "நீ மறந்திருவ. நானே பிடுங்குதேன்."

சரி. டவர் அறுக்கும், கரண்டு போகும், சீசன் நெரிக்கும், அத்தை பிடுங்குவார். இத்தனையையும் தாங்குகிற மாதிரி எழுதினால் போயிற்று.

செப்டம்பர் 3 – புதன்

தாங்குகிறது! இரண்டு வாரமாக இந்த வீட்டு லைனிலிருந்தே சோதனைப் பதிவுகள் அனுப்புகிறேன். ஒரு பதிவுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. "நம்ம லைன் எல்லாத்துலயும் உங்க வீட்டு லைன்தான் படு மோசம். அதுல தாங்குதுன்னா எங்கயும் தாங்கும்" என்றார் சார்.

இதைச் சொல்லத்தான் கீழே இறங்கினேன். ராஜபாண்டியன் யாரோ சிநேகிதரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்ல இங்கன இருந்தே மெட்ராஸ் கம்பெனி வேலையப் பாக்கா. ஒரு குறையில்ல. எதுக்கு அங்கன போய்க் கெடக்கணும்?"

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் வலிக்கிறது.

சொல்லாமலே மேலே வந்துவிட்டேன். லைன் கெட்டால் வேலை போகும். லைன் தாங்கினால் சென்னை போகும். இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை? மாடியில் உட்கார்ந்து நானே எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேனா?

இல்லை. சிநேகிதரிடம் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். என்னிடம் "ம்" என்றாரே.

செப்டம்பர் 11 – வியாழன்

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அத்தை பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நான் ஒயரைப் பிடுங்கினேன். ‘வீட்டு லைன் சரிவராது, சென்னைக்கு வந்தே ஆக வேண்டும்’ என்று சார் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று. மத்தியானம் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலிலிருந்து கார் வந்த சத்தம் கேட்டதும் பயந்துபோய்ச் சொருகினேன். காத்திருந்த சோதனைப் பதிவெல்லாம் வரிசையாக, தானாக, சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. சென்னையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியாத மாதிரி எழுதியது நான்தானே.

அழுதேன். அத்தை கொண்டுவந்த குங்குமத்தை வைத்துவிட்டு, "ஏன் கண்ணு செவந்துருக்கு?" என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து என்றேன்.

செப்டம்பர் 22 – திங்கள்

பெரிய தப்பு. என்னுடையது.

சனிக்கிழமை காலை மாடத்தியின் நிலையத்தில் ஊற்றிய பால் முழுவதும் சென்னையில் இல்லை. மாடத்தியின் கம்ப்யூட்டரிலும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வந்திருக்கிறது! பதில் வந்ததால் அவள் கம்ப்யூட்டர் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டது.

பகல் முழுக்கத் தேடினேன். சென்னைக் கம்ப்யூட்டர் செய்தியைக் காதில் வாங்கியதுமே ‘கிடைத்தது’ என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எழுதி வைக்கப் போகிறது. அந்த நடுவில் சனிக்கிழமை அங்கே கரண்டு போய்விட்டது. காதில் வாங்கியது பொய்யில்லை. ஆனால் செய்யவில்லை.

மாடத்தி வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். "எல்லாரும் ஒரு லிட்டர் கூடச் சொல்லுதாகக்கா. தங்கச்சாமி அண்ணன் ரெண்டு சொல்லுதாரு. என்ன செய்ய?" சொன்னதையே எழுது, கம்பெனி தரட்டும் என்றேன். சாரிடம் திட்டு வாங்கிக்கொண்டேன்.

திருத்தியது சின்ன மாற்றம்தான். எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். ‘கிடைத்தது’ வேறு, ‘செய்தாயிற்று’ வேறு. இதை நான் ஒன்றாக நினைத்திருக்கிறேன்.

மோர் ஊற்றிக்கொண்டே சொன்ன அந்த "ம்".

செப்டம்பர் 23 – செவ்வாய்

கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தீபாவளிக்கு அப்புறம் மெட்ராஸ் போறோமா இல்லையா?"

கோபப்படவில்லை அவர். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "போறோம்னு நான் எப்பச் சொன்னேன்?"

"சித்திரையில கேட்டேன். ம்ன்னீக."

"ஆமா, நீ சொன்ன, கேட்டுக்கிட்டேன். அதுக்காக?"

அவருடைய இரண்டு மொபைலும் ஒரே நேரத்தில் அடித்தன. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 24 – புதன்

ஒரு எழவும் பிடிக்கல. யாரு கூடவும் பேசப் பிடிக்கல. படிச்சு என்னத்துக்கு?

அக்டோபர் 4 – சனி

அத்தை கண்டுபிடித்துவிட்டார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அவன் ம்ன்னதுக்கா இப்படி மொகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்றார். இந்த வீட்டில் சுவருக்கும் காது உண்டு.

"கல்யாணம் ஆன புதுசுல உங்க மாமாகிட்ட, குத்தாலம் போவமான்னு கேட்டேன். ம்ன்னாரு. நான் பொட்டியெல்லாம் கட்டி வச்சிட்டேன். பொட்டி இன்னும் பரண்லதான் கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அப்புறம் நீங்க கேக்கலையா?"

"கேட்டேனே. ம்ன்னாரு."

இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம். அத்தை திரும்பக் கல் பொறுக்கினார்.

அக்டோபர் 14 – செவ்வாய்

சார் போன். காரியாபட்டியைச் சுற்றி இன்னும் நிறைய ஊர்களில் நிலையம் திறக்கிறார்களாம். மெஷின் வைக்க, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பக்கத்திலேயே தங்கிப் பார்க்க ஒருவர் வேண்டும். "உங்களைவிட யாருக்கு இது தெரியும்? பால் ஆபீஸ் மாடியில ரூம் இருக்கு. வாரத்துல அஞ்சு நாள். வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க."

வீட்டில் கேட்டுவிட்டு.

சென்னை இல்லை, காரியாபட்டி. கடலும் இல்லை, எலெக்ட்ரிக் ரயிலும் இல்லை. இருந்தாலும் போனை வைத்த பிறகு அறையில் நடந்துகொண்டே இருந்தேன்.

கேட்டால் "ம்" கிடைக்கும். பிறகு அதற்கு என்ன பொருள் என்று தை வரை, சித்திரை வரை, அடுத்த தீபாவளி வரை காத்திருக்கலாம். பதில் வருகிறவரை காத்திரு என்று மட்டும் எழுதி, எதுவரை என்று எழுதாத புரோகிராம் கெட்டுப்போனது போலவே கிடக்கும். அதனால்தான் எல்லாவற்றிலும் ஒரு கெடு வைப்போம். கெடு தாண்டினால் அதுவே அடுத்ததைச் செய்ய வேண்டும். என் கெடுவை நான் ஜூலையிலேயே எழுதிவிட்டேன். தீபாவளி.

அக்டோபர் 27 – திங்கள், தீபாவளி

மற்ற ஊரெல்லாம் வெடிக்கிறது. வெடியைச் செய்த ஊர் சீசன் முடிந்த அலுப்பில் தூங்குகிறது. எங்கள் வீட்டில் மாமா சம்பிரதாயத்துக்கு ஒரு சரம் வெடித்துவிட்டு, சத்தம் சரியில்லை என்று குறை சொன்னார்.

மத்தியானம் ராஜபாண்டியன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை அதிரசத் தட்டோடு இருந்தார். நான் எதிரில் போய் நின்றேன். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். கேள்வியாக இருக்கக்கூடாது, அதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

"கார்த்திகை பொறந்ததும் திங்கக்கிழமை நான் காரியாபட்டி போறேன். கம்பெனி வேலை. அஞ்சு நாளும் அங்கன தங்குவேன். சனிக்கிழமை வருவேன்."

"ம்" என்றார்.

கேள்வி கேட்டால் பதில் வேண்டும். செய்தி சொன்னால் ‘ம்’ போதும். திரும்பி மாடிப்படி பாதி ஏறியபோது கீழே டி.வி. சத்தம் குறைந்தது. "என்ன சொன்னா அவ?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அக்டோபர் 29 – புதன்

ரகளை. மாமா, "ஊர் என்ன சொல்லும்?" என்றார். ராஜபாண்டியன், "எங்கிட்டக் கேக்கவே இல்ல" என்றார்.

"சொன்னாளே" என்றார் அத்தை. "ஒன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னா. நீ ம்ன்ன. நான் பக்கத்துலதான இருந்தேன்?"

"அது கேட்டுக்கிட்டேன்னு ம்ன்னேன்மா..."

"ம்ன்னா சரின்னுதான் நான் இம்புட்டு வருசமா நினைச்சிட்டிருந்தேன். இல்லைங்கியா? அப்ப உங்க அய்யாவ முதல்ல குத்தாலக் கணக்கச் சொல்லச் சொல்லு."

மாமா செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 17 – திங்கள்

எனக்காகப் பரணிலிருந்து அத்தையின் பெட்டி இறங்கியது. பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு பேரும் மல்லுக்கட்டித் திறந்தோம். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு துண்டு. அருவிக்குளியலுக்கு வாங்கியதாம். அதையும் எனக்கே வைத்துவிட்டார்.

ராஜபாண்டியன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்கும்போது என்ன கனம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 19 – புதன், காரியாபட்டி

அறையில் ஒரே ஜன்னல். கீழே பால் கேன் உருளுகிற சத்தம் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். மாடத்தி தினமும் சாயங்காலம் வருகிறாள். மற்ற ஊர்ப் பெண்களுக்கு அவளைத்தான் சொல்லிக்கொடுக்க வைக்கப்போகிறேன். "சுத்துனா பயப்படாதீக, விட்ருங்க, அதுவே போயிரும்" என்று இப்போதே பேசிப் பார்க்கிறாள்.

இன்று மேற்கே இருட்டியது. ‘இன்னும் பத்து பதிவு போக வேண்டும்’ என்று மெஷின் காட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிக் கட்டில் மேல் போட்டேன். மாடத்தி திகைத்துப் பார்த்தாள். "இருக்கட்டும், பொறுமையாப் போகும்" என்றேன்.

உடனே மொபைல் அடித்தது. அத்தை. "அங்கன இருட்டுதா? பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன் அத்தை."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. ராஜபாண்டியன். சாப்பாடு எப்படி, தண்ணி எப்படி என்று கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த மாசத்தோட முடிச்சிட்டு இங்கனயே வந்திரலாம்லா?" என்றார்.

முதல் தூறல் ஜன்னல் கட்டையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அறுபடவில்லை.

"பிரீத்தி, ம்ன்னா என்ன?" என்று கேட்டார்.